பனிக்குச் சங்கிலி

செயின்தான் முதலில் வந்தது,
மஞ்சள் பையில், ஒன்பது கிலோ.
டயர் வாங்க அதற்குப் பிறகு கிளம்பினோம்.
செருப்பை வாங்கிவிட்டுக் காலைத் தேடுகிற கதை
என்று நான் சொன்னதை
இவர் ஹாரன் சத்தத்தில்
காதில் விழாததாக வைத்துக்கொண்டார்.

காங்கேயம், சென்னிமலை ரோட்டில் ரசாக் கடை.
ரசாக் பையைப் பிரித்து
ஒரு கண்ணியை விரலில் மாட்டிப் பார்த்தான்.
“எதுக்குங்க்கா இது?”
“பனிக்கு.”
“பனிக்குச் சங்கிலி போட்டா நிக்குமுங்களா?”

அவன் கேட்டதில் தப்பில்லை.
எங்களிடம் இருப்பது ஒரே சொல்.
மார்கழியில் அவரைப் பந்தலை நனைப்பதும்
விடியற்காலைக் கண்ணாடியில் படிந்து
வைப்பர் ஒரு தரம் போய்வந்தால்
இல்லாமல் போவதும் அதுதான்.
காஷ்மீரில் லாரியையே மூடுகிறதாமே,
அதற்கும் அதே பேர்.
மப்ளரோடு சமாளிக்கிறவர்கள் நாங்கள்.

டயரின் விலாவில் நாலு எண்.
முதல் இரண்டு பிறந்த வாரம், அடுத்தது வருசம்.
விரல் வைத்துப் படித்தேன்:
நாற்பத்தொன்று. போன ஐப்பசி.
கொப்பரை விலை சரிந்து
இவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாத வாரம்.
அப்போதும் எங்கேயோ யாரோ
டயர் வார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

இவருக்கு முரட்டுப் பட்டன் வைத்த டயர் வேண்டும்.
பாறைக்கு, சேற்றுக்கு, ஆற்றுக்கு.
நான் மீட்டரைப் பார்க்கச் சொன்னேன்.
ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்தில் பாறை எத்தனை?
வெள்ளகோவில் ஒரம்பரை,
ஈரோட்டு மார்க்கெட்,
மாமாவுக்குக் கோயமுத்தூர்க் கண் ஆஸ்பத்திரி,
மௌனிகா ஹாஸ்டல், சிவன்மலைத் தேர்.
மோசமான சாலை என்றால்
எங்கள் தோட்டத்துத் தடம், நானூறு அடி.
அதிலும் நான்தான் ஓட்டுகிறேன்.

“சைசு மாத்தினா அந்தச் செயின் சேராதுங்க”
என்றான் ரசாக், வண்டிக்கு அடியிலிருந்து.
பிறகு அங்கிருந்தே ஒவ்வொன்றாக:
“லோயர் ஆர்ம் புஷ் ரெண்டும் போச்சு.
முன் பிரேக் பேடு... அக்கா, இது காகிதமாட்ட இருக்குதுங்க.”

கழற்றி என் கையில் வைத்தான்.
இன்னும் சூடு.
நேற்று ராத்திரி வெள்ளகோவிலிலிருந்து எண்பதில் வந்தோம்.
பின் சீட்டில் மௌனிகா
மாமியார் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டு வந்தாள்.
ஒரு நாய் குறுக்கே வந்தது.
நின்றோம்.

இவர் அதற்கப்புறம் பாறையைப் பற்றிப் பேசவில்லை.

நாலு பேடு, இரண்டு புஷ்,
நான் கேட்ட வைப்பர்,
டயர் நாலும் சாதா ரோட்டு டயர்,
இருநூற்று முப்பத்தஞ்சு, அறுபத்தஞ்சு, பதினேழு.
பில்லில் இவர் பேர் பார்த்து எழுதினான்:
குழந்தைவேல், கொப்பரைக் களம்.

காஷ்மீர் பேச்சு ஆறிப்போனது.
செயினைத் திருப்பி அனுப்பலாம் என்றால்
அந்தத் தேதியும் தாண்டிவிட்டது.
ஞாயிறு மத்தியானம்,
சிமெண்டில் வெறுங்கால் வைக்க முடியாத வெயில்,
களத்து நடுவில் வண்டியை நிறுத்தி
போனில் படம் ஓடவிட்டு
மாட்டிப் பழகுகிறார்.
தேங்காய் உடைக்கிற பெண்கள் அரிவாளை நிறுத்தினார்கள்.
“வண்டிக்குக் கொலுசுங்களா?” என்றாள் பாவாயி.

முதல் தரம் இருபத்தாறு நிமிசம்.
இரண்டாவது பதினேழு. நான்தான் நேரம் பார்த்தேன்.
முட்டியில் சாக்கைக் கட்டிக்கொண்டு,
சட்டை முதுகோடு ஒட்டி,
“ஒரு பத்தடி முன்னால எடு” என்றார்.
எடுத்தேன்.
களமே கடகடத்தது.
சிமெண்டில் ஏணி மாதிரி வெள்ளைக் கோடு.
திங்கட்கிழமை அதன்மேல்தான்
கொப்பரை பரப்பினார்கள்.

இப்போது வண்டியில் ஓட்டை உடைசல் சத்தம் எதுவுமில்லை.
ஸ்டெப்னி பக்கத்தில் கிடக்கிற அந்தப் பை மட்டும்
ஒவ்வொரு வேகத்தடையிலும்
ஜல்லென்று ஒரு தரம்.
இறக்கி வையுங்கள் என்று
நான் இதுவரை சொல்லவில்லை.